வத்தல் மடித்த கடைசித் தாள்

செந்திலாண்டவன் துணை

தூத்துக்குடி
பார்த்திப வருஷம் தை மாதம் 8-ந் தேதி

கல்கத்தாவில் இருக்கும் என் மகன் சிரஞ்சீவி ராஜதுரைக்கு அப்பா காசிலிங்கம் எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மா சீனித்தாயும் உன் அக்கா செண்பகமும் திருச்செந்தூரான் புண்ணியத்தில் வேளைக்கு அடுப்புப் பற்றவைத்துக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவனைத்தான் கேட்டுக்கொள்கிறோம். பொங்கல் கழிந்தது. ரேஷன் அரிசியில் பொங்கினோம், பானை பொங்குவதற்கு முன்பே புழுங்கல் நாற்றம் தெருவுக்குப் போய்விட்டது, உன் அம்மா அதற்கும் குலவை போட்டாள். அவள் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாள், வாசனை நன்றாக இருக்கிறதாம், வலி போனபாடில்லை. கடை ஓடுகிறது. விளாத்திகுளத்து மிளகாய் வத்தல் வண்டி வாரம் ஒருமுறை வருகிறது, கருப்பட்டிக்குக் குறைவில்லை, மண்ணெண்ணெய்க்கும் காகிதத்துக்கும்தான் நாய் படாத பாடு. ஜப்பான் சண்டை முடிந்து ஆறு மாசம் ஆகப்போகிறது, காகிதம் மட்டும் இன்னும் பட்டாளத்தை விட்டு வீடு திரும்பவில்லை. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால் இந்தக் கடிதம் முழுக்க ஒரு காகிதத்தைப் பற்றியதுதான். எந்தக் காகிதத்துக்குப் பதில் வரும் என்று நீ இரண்டு மாசமாகத் தபால்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயோ அந்தக் காகிதம். நின்றுகொண்டு வாசிக்காதே, எங்கேயாவது உட்கார்ந்து வாசி.

தீபாவளிக்கு நீ அனுப்பிய பார்சல் கார்த்திகை பிறந்த பிறகுதான் வந்தது. சேலை இரண்டு, எனக்கு மேல்துண்டு, தைலக் குப்பி நான்கு, குப்பிகளைச் சுற்றிக் கலர் கலராகப் படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம் ஒன்று. அதைப் புத்தகம் என்று நான் நினைக்கவில்லை. நாற்பது வருஷம் பலசரக்குக் கடையில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு எந்தக் காகிதமும் எத்தனை பொட்டலம் ஆகும் என்றுதான் தெரியும். கப்பலில் இருந்து வரும் பழைய தாள்கட்டும் நின்றுபோன நேரம், மகன் சாமானோடு சேர்த்துக் கடைக்கும் தாள் அனுப்பியிருக்கிறான், கெட்டிக்காரன் என்று சந்தோஷப்பட்டேன். கம்பியைப் பிடுங்கினேன், ஒவ்வொரு தாளையும் நடுவில் கிழித்து இரண்டாக்கினேன், நீவிப் பொட்டலத்தாள் கட்டுக்குள் செருகினேன். குப்பி ஒன்றுகூட உடையவில்லை, நன்றாகச் சுற்றி அனுப்பியிருக்கிறாய் என்று உனக்குப் பதிலும் எழுதினேன். அந்த வரியை நீ எப்படி வாசித்திருப்பாய் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். பார்சலைப் பிரித்த அன்றைக்கு என் கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருந்தது. ஒரு தாளின் அடியில் பென்சிலால் என்னமோ தெரிந்தது, பார்சல் கட்டினவன் கிறுக்கியிருப்பான் என்று விட்டுவிட்டேன். கண்ணாடி இருந்திருந்தால் உன் கையெழுத்து எனக்குத் தெரியாமலா போகும்.

உன் அக்கா இருந்த இருப்பை நீ பார்த்ததில்லை, பார்க்க நீ இங்கே இருக்கவும் இல்லை, அதனால் எழுதுகிறேன். நாற்பத்திரண்டு ஆனியில் நீயும் அவளும் ரங்கூனில் இருந்து காடும் மலையும் நடந்து எலும்பும் தோலுமாக இந்த வாசலில் வந்து நின்றீர்கள். மாப்பிள்ளை சிவனாண்டி அங்கே துறைமுகத்தில் விழுந்த குண்டில் போய்விட்டார் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். பேத்தி செல்லக்கிளி எங்கே என்றுதான் உன் அம்மா கேட்டாள். பர்மா எல்லைக்கு முன்னால் சிந்துவின் என்கிற ஆற்றைக் கடக்கும்போது விமானச் சத்தம் கேட்டு ஜனம் எல்லாம் படகின் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, பிள்ளை கை நழுவிப் போய்விட்டது என்று நீ சொன்னாய். யார் கை என்று நீ சொல்லவில்லை. காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்த செண்பகம் தன் வலது கையைப் பார்த்துப் பார்த்து, நாந்தான் விட்டுட்டேன், நாந்தான் விட்டுட்டேன் என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். நாங்கள் அதைத் துக்கம் என்று நினைத்தோம். பதினோராம் நாள் கல்கத்தாவில் வேலை என்று ரயிலேறினாய், இதோ நாலாவது பொங்கலும் போய்விட்டது.

அன்றைக்கு மூடிய கையை அவள் திறக்கவில்லை ராஜதுரை. முஷ்டியாக மூடிப் பழந்துணியைச் சுற்றிக்கொண்டாள். அந்தக் கையால் சாப்பிட மாட்டேன் என்றாள், உன் அம்மாதான் நாலு வருஷமாகச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். நகம் உள்ளங்கையில் இறங்கிப் புண்ணாகும், அவள் அசந்து தூங்கும்போது உன் அம்மா அழுதுகொண்டே ஒவ்வொரு விரலாகப் பிரித்து நகம் வெட்டுவாள். கடைக்குப் பின்னால் சரக்கறையில்தான் இருப்பு. குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலே உடம்பு வெடவெடக்கும், கடற்காற்று அடித்தால் சன்னலைச் சாத்திவிடுவாள். பெத்த பிள்ளையக் கை விட்டவ என்று தெருவில் அவள் காதுபடவே பேசினார்கள், கைக்குழந்தைக்காரிகள் அவள் சன்னலைத் தாண்டும்போது வேகமாக நடந்தார்கள். ஊரை ஏன் சொல்ல வேண்டும். முதல் வருஷம் செல்லக்கிளி திதியன்று நானே கேட்டேன், ஏளா, ஒரு பச்சப்பிள்ள கையப் பிடிச்சிருக்க ஒனக்குத் தெம்பில்லாமப் போச்சா என்று கேட்டேன். பாவி நான். அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் செய்த ஒரே வேலை கடைக்குக் காகிதப் பை ஒட்டுவதுதான், இடது கையால் தாளை மடித்து வலது முஷ்டியால் அழுத்திக் கூழ் தடவி அடுக்கிக்கொண்டே இருப்பாள்.

மார்கழியில் பை குறைய ஆரம்பித்தது. என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தேன், கலர்த்தாளை எல்லாம் ஒதுக்கி எடுத்துச் சாக்கின்மேல் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் கிழித்ததை எல்லாம் படத்தைப் பார்த்தே ஒழுங்குக்குக் கொண்டுவந்திருந்தாள். எதையும் ஏறெடுத்துப் பார்க்காதவள் இதைப் பார்க்கிறாளே என்று உன் அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது, மிஷன் பள்ளிக்கூடத்து ஞானபாய் டீச்சர் சாமான் வாங்க வந்தபோது உள்ளே கூட்டிக்கொண்டு போய், இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்கம்மா என்றாள். டீச்சரும் சாயங்காலம் சாயங்காலம் வந்து சாக்கில் உட்கார்ந்து தமிழில் சொன்னாள். கதை உனக்குத் தெரியும், தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாய், இருந்தாலும் எங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கேள். நீலப் போர்வை போட்டு முகத்தை மறைத்த ஒருத்தி, கூரை விட்டுக் கூரை பறக்கிறாள், துப்பாக்கிக் குண்டைக் கையால் பிடிக்கிறாள், எனக்குக் கல்லாவில் இருந்தபடியே சிரிப்பு வந்தது. ஆனால் அவளுக்குத் தண்ணீரைக் கண்டால் நடுக்கமாம். சின்ன வயதில் வெள்ளத்தில் கூடப்பிறந்த தம்பியைப் பறிகொடுத்தவளாம், மழை பெய்தால்கூட ஒரு மூலையில் ஒடுங்கிவிடுவாளாம். டீச்சர் இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது, உள்ளே செண்பகத்தின் மூச்சுச் சத்தம் கடை வரைக்கும் கேட்டது. அந்தப் பயத்தைத் தெரிந்துகொண்ட ஒரு படுபாவி அவளை நிலவறையில் பூட்டித் தண்ணீரைத் திறந்துவிடுகிறான். தண்ணீர் இடுப்புக்கு வருகிறது, மார்புக்கு வருகிறது, கழுத்துக்கு வருகிறது, மறு மூலையில் யாரோ ஒரு பிள்ளையும் கட்டுண்டு கிடக்கிறது. அந்த இடத்தில் தாள் தீர்ந்துவிட்டது. டீச்சர் கட்டு முழுவதையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கடைசித் தாள் மட்டும் இல்லை என்றாள்.

கழுத்துவரை தண்ணீர் நிற்கிற அந்தப் படத்தை உன் அக்கா பதினெட்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊட்டினால் ஒன்றிரண்டு வாய்க்குமேல் வாங்கவில்லை. இந்தப் பீடையத் தூக்கி அடுப்புல போடுங்க, இருக்கதும் போயிரும்போலிருக்கு என்று உன் அம்மா என்னைப் பிடித்துக் கத்தினாள். நானும் போடத்தான் இருந்தேன். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் பகலில் கடையில் நாலைந்து பேர் நிற்கும்போது சரக்கறைக் கதவு திறந்தது. முகமெல்லாம் வெளுத்துப்போய், தலையில் எண்ணெய் இல்லாமல், தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்கு முன்னால் வந்து நின்றாள், அப்பா, இதுக்குக் கடைசித் தாளு யாருக்கு மடிச்சீங்க என்று கேட்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்து அப்பா என்றது அப்போதுதான். என் கையில் இருந்த பருப்பு தராசில் விழாமல் தரையில் கொட்டியது.

யாருக்கு மடித்தேன் என்பது எனக்கு நினைவிருந்தது. திரேஸ்புரத்தில் கருவாடு விற்கிற அந்தோணியம்மாள், சனிக்கிழமைதோறும் நம் கடைக்கு வருகிறவள், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வத்தல் வாங்கும்போது கட்டில் மேலாக இருந்த தாளைக் காட்டி, அண்ணாச்சி, அந்த மாதா படம் போட்ட தாள்ல மடிச்சுத் தாங்க, கிழிச்சிராதீங்க என்று கேட்டு வாங்கினாள். திரேஸ்புரம் அந்தோணியம்மாளுக்கு மடிச்சேன், நான் போயி வாங்கிட்டு வாரேன்ளா, நீ உள்ள போ என்றேன். இல்ல, நானே போறேன் என்று படியிறங்கிவிட்டாள். நாலு வருஷமாகத் தெரு மண்ணை மிதிக்காத கால். கடையை உன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். தெருவே வாசலில் வந்து நின்று பார்த்தது, அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. திரேஸ்புரம் திருப்பத்தில் முதல் முதலாகக் கடல் கண்ணில் பட்டதும் அப்படியே ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். சரி, திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு மேலே நடந்தாள். கூடப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ள எனக்கு முகமில்லை, பத்தடி பின்னாலேயே போனேன்.

அந்தோணியம்மாள் குடிசைச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் நம் தாளைக் கஞ்சி தடவி ஒட்டியிருந்தாள், முன்னால் மெழுகுதிரி உருகிக் கிடந்தது. அவளையும் குற்றம் சொல்ல முடியாது. நீலப் போர்வைக்காரி தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருகிறாள், தலைக்குப் பின்னால் விளக்கு வெளிச்சம் வட்டமாக அடிக்கிறது, அந்தக் கரையில் யார் பார்த்தாலும் மாதா என்றுதான் சொல்லுவார்கள். இந்த மாதா வந்த நாள்லருந்து எம்மவன் வல வெறுமன கரைக்கு வரல அண்ணாச்சி, அடியில ஜெபம் எழுதியிருக்கு, எனக்கு வாசிக்கத் தெரியாது, தெனமும் தொட்டு முத்திக்கிடுவேன் என்றாள். அவள் தொட்டு முத்தம் கொடுத்துக் கொடுத்துப் பென்சில் எழுத்து பாதி மங்கியிருந்தது. செண்பகம் மண்டியிட்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சத்தமாகவே வாசித்தாள். நீ எழுதியதை நானும் இங்கே எழுதுகிறேன். அக்கா, செல்லக்கிளி உன் கையில் இல்லை, உனக்குக் காய்ச்சல் என்று நான்தான் வாங்கிப் பிடித்திருந்தேன், படகு சாய்ந்தபோது பயத்தில் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துவிட்டேன், நீ விடவில்லை, இப்படிக்கு ராஜதுரை. வாசித்து முடித்ததும் அந்தோணியம்மாள் பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

செண்பகம் அழவில்லை. மூன்று தரம் வாசித்தாள். யாரும்மா செல்லக்கிளி என்று அந்தோணியம்மாள் கேட்டாள், எம்மவ என்றாள், பிறகு ஆறு, படகு, நாலு வருஷம், இந்தப் படக்கதை எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எங்களிடம் சொல்லாததை எல்லாம் ஒரு கருவாட்டுக்காரியிடம் சொன்னாள். கேட்டுவிட்டு அந்தோணியம்மாள் தன் கதையை ஆரம்பித்தாள். அவள் புருஷன் சங்கு குளிக்கப் போனவன் என்பது எனக்குத் தெரியும், எப்படிச் செத்தான் என்பது தெரியாது. முங்குகிறவன் இடுப்புக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள், கூடப்பிறந்தவள் தாலி அல்லவா, உயிர் போனாலும் விடமாட்டான் என்றுதான் அப்படி ஒரு வழக்கம். எந்தம்பி பீடி பத்தவைக்கக் கயித்த விட்டான்மா, ஒரு பீடி என்றாள். ஏழு வருஷம் அவன் முகத்தில் முழிக்கவில்லையாம். எட்டாம் வருஷம் வந்து வாசலில் நின்றானாம், காலையில் இருந்து உச்சி வெயில் வரைக்கும் நிற்கவைத்தே பார்த்துக்கொண்டிருந்தாளாம், பிறகு உள்ள வாலே என்றாளாம். மன்னிச்சிட்டீங்களா என்று செண்பகம் கேட்டாள். அதெல்லாம் ஆண்டவர் வேல, நான் சோறு போடுதேன், அவ்வளவுதான் என்றாள். நீலப் போர்வைக்காரி எப்படித் தப்பித்தாள் என்பது தாளின் பின்பக்கம் இருக்கிறது, அது சுவரோடு ஒட்டிப்போயிற்று, கத்தியால் சுரண்டித் தரட்டுமா என்று அந்தோணியம்மாள் எழுந்தாள். வேண்டாம், வெளிய வந்துட்டாள்லா, போதும் என்றாள் செண்பகம். மாதா இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தோணியம்மாள் படத்தை எடுக்கவில்லை, பிள்ளையத் தூக்கிட்டுத் தண்ணிக்குள்ளருந்து வாரா, அவ யாரா இருந்தா என்ன, இருக்கட்டும் என்றுவிட்டாள்.

திரும்பும்போது வள்ளங்கள் ஏற்றிப் போட்டிருந்த இடத்தில் உன் அக்கா கரையில் இறங்கினாள். ஏளா செண்பகம், ஏளா என்று கத்தினேன். முழங்கால் தண்ணீர்வரை போய் நின்றாள். உடம்பு அப்படி நடுங்குகிறது, அலைச் சத்தத்திலும் பல் அடிக்கிற சத்தம் கேட்கிறது, ஆனாலும் நின்றாள். கையில் இருந்த துணியை அவிழ்த்தாள், விரல் ஐந்தையும் இடது கையால் ஒவ்வொன்றாக விரித்துத் தண்ணீரில் வைத்தாள். பயம் போகலப்பா என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்கு நான் கேட்டது தப்புளா என்று அவளிடம் சொல்ல எனக்கு அப்போதுதான் வாய் வந்தது. அவள் கரையேறி முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து தட்டை இழுத்து வைத்து அந்தக் கையாலேயே சோற்றை எடுத்தாள், விரல் மடங்கவில்லை, பாதிச் சோறு மடியில் விழுந்தது, உன் அம்மா ஊட்டப் போனாள், வேண்டாம்மா என்று சொல்லிவிட்டாள். உன் அம்மா அடுப்பங்கரையில் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு நாள் கழித்து டீச்சர் திரேஸ்புரம் போய்ச் சுவரில் தெரிகிற பக்கத்தை வாசித்து வந்து சொன்னாள், அந்தப் போர்வைக்காரியும் நடுங்கிக்கொண்டேதான் வந்தேன் என்று சொல்கிறாளாம். இதெல்லாம் நடந்ததால் உன் அக்கா குணமாகிவிட்டாள் என்று நினைத்துவிடாதே. இன்றைக்கும் குடம் கவிழ்ந்த சத்தத்துக்குச் சரக்கறைக்குள் ஓடினாள். கதவை மட்டும் சாத்தவில்லை.

இனி உன் விஷயம். முதல் இரண்டு நாள் உன்னைத் திட்டி நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். எழுதுகிறதுதான் எழுதினாய், ஒரு கவரில் போட்டு எழுதக் கூடாதா என்று கோபம் வந்தது, வீட்டுக்கு வருகிற கடிதத்தை நான்தான் பிரித்து வாசிப்பேன் என்று பயந்துதான் படப் புத்தகத்தின் அடியில் ஒளித்தாய் என்று பிறகு புரிந்தது. ஆற்றில் விட்டதை என்னால் தாங்க முடிகிறது ராஜதுரை. பத்தொன்பது வயது, தலைக்கு மேலே விமானம், கீழே தண்ணீர், நானாக இருந்தாலும் விளிம்பைத்தான் பிடித்திருப்பேன். வீட்டுக்கு வந்து அவள் நாந்தான் விட்டுட்டேன் என்று சொல்லும்போது தலையைக் குனிந்து நின்றாயே, நாலு வருஷம் அவள் கையை மூடிக்கொண்டு கிடக்க விட்டாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை. நீ என் பிள்ளை, அதனால் இன்னும் தாங்க முடியவில்லை. உன் அம்மா உன் பெயரைச் சொல்லிவிட்டு அழுகிறாள், அழுதுவிட்டு நீ சாப்பிட்டாயோ என்று கேட்கிறாள். உனக்கு என்ன எழுதட்டும் என்று செண்பகத்திடம் கேட்டேன். அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். வரச் சொல்லுங்க. உள்ள வான்னு சொல்லுவேனான்னு எனக்கே தெரியாது. எத்தன நாள் நிக்க வைப்பேன்னும் தெரியாது. ஆனா வந்து வாசல்ல நிக்கணும், எம்மவ எப்படிப் போனான்னு எம்முகத்தப் பாத்துச் சொல்லணும், அவ கடைசியா யாரக் கூப்பிட்டான்னு சொல்லணும். இதுதான் அவள் சொன்னது. கடைசியாகக் கேட்டதற்குப் பதில் சொல்ல உனக்கு வாய் ஓடாது, இருந்தாலும் நீ சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு மாசிக்குள் ரயிலேறு. வழியில் கண்டதைத் தின்னாதே, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. எங்களுக்கென்று எதையும் வாங்கிச் சுற்றிக்கொண்டு வராதே, வெறுங்கையோடு வா. செந்திலாண்டவன் உன் காலுக்குத் தெம்பும் வாய்க்குச் சொல்லும் கொடுக்கட்டும், நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன்னைத் திட்டுவதற்கு நானும் இருக்க வேண்டும். அடியில் இருக்கிற வரி என்னுடையது இல்லை. வாசித்துக் காட்டினேன், கேட்டுவிட்டுப் பேனாவை வாங்கி வலது கையால் அவளே எழுதினாள், கோணல்மாணலாக இருக்கிறது, எழுத்துக் கூட்டி வாசித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ப. காசிலிங்கம்

தம்பி வந்து நில்லு. செண்பகம்.